ஒட்டுக்கேட்கும் அதிகாரமும் ஒற்றைக் கையெழுத்தும்



குற்றம் செய்யாதவர் எதற்காக அஞ்ச வேண்டும் என்று ஆட்சியாளர்கள் கேட்கிறார்கள். சாதாரண மக்களிடமும் எடுபடக்கூடிய இந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியர்களின் வாழ்நாள் சேமிப்பைச் சுருட்டும் கும்பல்கள் இருக்கின்றன. அவர்களைப் பிடிக்கக் காவல்துறைக்குத் தொழில்நுட்ப வலிமை தேவை என்பதை இடதுசாரிகள் மறுக்கவில்லை. அந்த வலிமையைப் பயன்படுத்த அனுமதி அளிப்பது யார், அந்த அனுமதியைச் சரிபார்ப்பது யார் என்பதே பிரச்சனை.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் அந்நிய ஆட்சி தன் பாதுகாப்புக்காக இயற்றிக்கொண்டது. அச்சட்டத்தின்கீழ் நடந்த ஒட்டுக்கேட்பை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம் சில நெறிமுறைகளை வகுத்தது. ஆனால் நீதிபதியின் முன் அனுமதி கட்டாயம் என்று அது கூறவில்லை. ஒன்றிய அரசின் ஆணையில் உள்துறைச் செயலாளர் கையெழுத்திடுவார். அமைச்சரவைச் செயலாளரின் தலைமையில் வேறு செயலாளர்கள் அமர்ந்து அதைப் பரிசீலிப்பார்கள். வலக்கை எழுதியதை இடக்கை திருத்தும் ஏற்பாடு இது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. கையெழுத்து மட்டும் கைமாறவில்லை.

இந்தப் பரிசீலனையின் இலட்சணம் என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட பதிலின்படி, ஒன்றிய அரசு மாதந்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பித்து வந்தது. இரு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழுவே 2018இல் சுட்டிக்காட்டியது. எட்டு மணி நேரம் இடைவிடாது அமர்ந்தாலும், ஓர் ஆணைக்கு இரண்டு நொடி கிடைக்காது!

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டமும், நியாயமான நோக்கமும், அந்நோக்கத்துக்கு மிகாத அளவும் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவு மசோதா இவ்வரம்பை ஓரளவு ஏற்றிருந்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு விரும்பி அறிவிக்கும் எந்த முகமைக்கும் முழு விலக்கு அளிக்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் நறுக்கிவிட்டது. குடிமகனை அரசு பார்க்கலாம். அரசைக் குடிமகன் பார்க்கக்கூடாது.

உளவு என்பது படிப்பதோடு நிற்பதுமில்லை. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீம்பொருள் வழியாக ஆவணங்கள் திணிக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் கண்டறிந்தது. அருட்தந்தை ஸ்டான் சுவாமியின் கணினியிலும் அவ்வாறே நடந்தது என்ற அதன் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. 84 வயதான அவர் அதற்கு ஓராண்டுக்கு முன்பே, ஜாமீன் கிடைக்காமல், காவலிலேயே உயிர்நீத்திருந்தார்.

பெருநிறுவனங்களை அந்தரங்கத்தின் காவலர்களாகக் கருதவும் வேண்டியதில்லை. செய்தியின் மூலத்தைக் கண்டறியும் விதியை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் சென்ற அதே வாட்ஸ்அப், பயனாளர் தரவுகளைத் தாய் நிறுவனத்தோடு பகிரும் கொள்கையை 2021இல் திணித்தது. அதற்காக மெட்டாவுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அத்தகைய ஏகபோகத்துக்கு அது சில்லறைக் காசு.

எனவே இடதுசாரிகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது. ஒட்டுக்கேட்கவும் சாதனங்களைப் பறிமுதல் செய்யவும் நீதிபதியின் ஆணை வேண்டும். அவசரச் சூழலில் சில நாட்களுக்குள் அது பெறப்பட வேண்டும். எத்தனை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன என்ற கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பெகாசஸை வாங்கினீர்களா என்ற எளிய கேள்விக்கு ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில்கூட நேரடியாகப் பதிலளிக்கவில்லை; விசாரணைக் குழுவுக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022இல் நீதிமன்றமே கூறியது. அந்தக் கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.