இரத்தக் குழாய் காப்போம்
(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)



ரப்பர் நிரைகளிலும், 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய செம்பனைக் காடுகளிலும் நம் முன்னோர் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து உழைத்தனர். இன்று நம்மில் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். நடை குறைந்தது, இனிப்புத் தேநீரும் எண்ணெய்ப் பலகாரமும் குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களுள் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் புகைப்பழக்கமும் இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. அங்கே கொழுப்புப் படிந்து, நாளடைவில் சுண்ணாம்பேறி, நெகிழும் குழாய் கெட்டிப்படுகிறது. அப்படிவு வெடித்தால் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். இதயக் குழாயில் அடைத்தால் மாரடைப்பு. மூளைக் குழாயில் அடைத்தால் பக்கவாதம். மூளையின் நுண்குழாய்கள் சிறுகச் சிறுகக் குறுகினால் நினைவாற்றல் மங்கும். வயதின் கோளாறென்று நாம் ஒதுக்கிவிடும் மறதியில் இதுவும் உண்டு.

முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு இறுகினால், தைலம் தேய்த்துக் காத்திராதீர்கள், 999ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். தோட்டத்திலிருந்து மருத்துவமனை சென்று சேரும் நேரமும் அதற்குள் அடக்கம்.

விரதம் காக்கும் நமக்கு உணவுக் கட்டுப்பாடு புதிதன்று. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். முப்பது வயதைக் கடந்தோர் திருவிழா முடிந்த வாரமே சென்று வாருங்கள்.