தொழுவத்துல கிடக்குற புல்லட்
(சத்திரம் பேருந்து நிலையம் அருகே நடந்த கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)

வீட்டுக்காரர் வாலிபத்துல ஓட்டின புல்லட் தொழுவத்துல கிடந்தா, எடைக்குப் போட்டுடாதீங்க. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்த வண்டி அது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக்! தேடி வாங்க ஆள் உண்டு.

எடுத்தவுடனே கிக்கரை மிதிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, மெதுவா சுத்திப் பார்க்கணும். இல்லேன்னா துரு சிலிண்டரைக் கீறிடும். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைச்சிருக்கும். டேங்கோடு சேர்த்துக் கழுவணும். டயர் பார்வைக்கு நல்லா இருந்தாலும் மாத்திடுங்க.

முக்கியமா ஆர்.சி. புத்தகம். பதிவு 15 வருஷம்தான். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். வீட்டுக்காரர் காலமாகியிருந்தா, முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. அது முடியாம, ரிப்பேருக்குன்னு குழுவில் கடன் கேட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.