ஈளை நோயும் இல்லத்தார் கடமையும்



தில்லியில் ஐப்பசி பிறந்ததும் நம் குடியிருப்பில் இருமல் ஒலியும் உடன் பிறந்துவிடுகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல்தாளின் புகையும், வண்டிப் புகையும், தீபாவளி வாணப் புகையும் குளிர்காற்றில் மேலெழ வழியின்றித் தாழத் தங்குகின்றன. ஆஸ்துமா எனப்படும் ஈளை நோய் உடையோர்க்கு இது சோதனைக் காலம்.

இந்நோயின் இயல்பு யாது? நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டு செல்லும் குழல்களின் உட்சுவர் சற்றே வீங்கி, எளிதிற் சினமுறும் நிலையில் இருக்கிறது. தூசியோ புகையோ பட்டவுடன் குழலைச் சூழ்ந்த தசை இறுகுகிறது, சளி பெருகுகிறது, வழி குறுகுகிறது. மூச்சை வெளிவிடுவதே பெரும்பாடாகிறது. இது தொற்று நோயன்று.

ஊர்க்காற்றைத் திருத்துவது ஒருவரால் ஆகாது. வீட்டுக்காற்றைத் திருத்துவது ஆகும். பெட்டியில் மாதக்கணக்கில் உறங்கிய ரஜாயை எடுத்தவாறே குழந்தைக்குப் போர்த்தலாகாது. உறையை வெந்நீரில் துவைத்து, ரஜாயை வெயிலில் உலர்த்திய பின்னரே தருக. படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகள் பலருக்குப் பகை. கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட்டு ஆகியவற்றின் புகை, மிளகாய் தாளிக்கும் நெடி, ஈரச்சுவர்ப் பூஞ்சை, கரப்பான் பூச்சி ஆகியனவும் அவ்வாறே. பூசைக்கு விளக்கும் மலரும் போதும். எது எவருக்குப் பகை என்பதைக் குறித்து வைத்து, அதனை விலக்குக.

மருந்து பற்றியும் ஒரு சொல். இன்ஹேலர் இருவகைப்படும். ஒன்று இறுகிய குழலை உடனே தளர்த்துவது. மற்றொன்று வீக்கத்தை நாளடைவில் தணிக்கும் ஸ்டீராய்டு. முன்னதை மட்டுமே நம்பியிருத்தல் பெரியவர்க்கும் வளரிளம் பருவத்தார்க்கும் தகாது என ‘ஜினா’ என்னும் உலக அமைப்பு 2019 முதல் அறிவுறுத்தி வருகிறது. இன்ஹேலர் போதைப் பழக்கமாகிவிடும் என்பது வீண் அச்சம். மூச்சு இலேசானதும் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துவதே ஆபத்து.

தாய்மார்களே, மகளுக்கு வரன் தேடும் காலத்தில் அவள் இன்ஹேலரை அலமாரியில் ஒளித்து வைக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. விருந்தினர் எதிரே மூச்சு முட்டினாலும் அவள் வாய் திறவாள். நோயை மறைத்து மானத்தைக் காக்க முயல்வோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். முறையாக மருந்து கொள்வோர் ஓடலாம், ஆடலாம், பிள்ளை பெறலாம்.

ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாது மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இன்ஹேலர் பயன் தராவிடினோ, விடியட்டும் எனக் காத்திராதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அண்டை வீட்டார் கதவைத் தட்டத் தயங்காதீர்கள். ஊர் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றத்தார்.