பீரோவில் இருக்கும் புத்தகம் பிள்ளை கைக்கு வரட்டும்

(மணவூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை பற்றி நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு நம்ம பிள்ளைங்க வாசிப்பைப் பற்றிப் பேசப் போறேன். முதல்ல என் வீட்டுக் கதை.

என் மகள் ஐந்தாவது படிக்கும்போது பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். நல்லாப் படிக்கிறாள் என்றுதான் நானும் இருந்தேன். ஒருநாள் குழுவுக்கு வந்த நோட்டீஸைக் கொடுத்து, "படி கண்ணு" என்றேன். எழுத்துக்கூட்டக்கூட அவளால் முடியவில்லை. மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவளைத் திட்டிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரல. ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காதது நான்தானே?

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 'அசர்' என்று ஒரு ஆய்வு. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 2018-ல் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் சுமார் 40 பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2022-ல் அது சுமார் 25 பேராகக் குறைந்தது. எட்டாவது வரை ஃபெயில் போடுவதில்லை. அதனால் பெற்றவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

நம்ம பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கப் படம் போட்ட சின்னக் கதைப் புத்தகம் இன்னும் அவசியம்.

புத்தகம் இல்லையா? இருக்கு. மகள் படித்த பள்ளியில் ஒரு பீரோ நிறைய இருந்தது, பூட்டியபடி. நாங்கள் நாலு பேர் போய்க் கேட்டோம். "கிழிஞ்சாலோ தொலைஞ்சாலோ நாங்கதானேம்மா பதில் சொல்லணும்?" என்றார் தலைமை ஆசிரியர். அவர் பயமும் நியாயம்தான்.

"சார், கொடுத்துத் திருப்பி வாங்குறதுதானே எங்க வேலை!" என்றோம். கடன் பதிவேடு மாதிரியே ஒரு நோட்டுப் போட்டோம். பிள்ளை பெயர், புத்தகம், கொடுத்த தேதி, திரும்பி வந்த தேதி. வெள்ளிக்கிழமை கொடுத்து அடுத்த வெள்ளி வாங்கினோம். கிழிந்ததை ஒட்டினோம். இரண்டு புத்தகம் தொலைந்தது. குழுவில் பேசி வேறு வாங்கி வைத்தோம். சண்டை வரவில்லை. ஆறு மாசத்தில் என் மகள் தானாகவே கதை படித்தாள்.

2023-ல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படியாகக் கதைப் புத்தகங்கள் வந்தன. ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு 'நுழை'தான் வருமென்றால் அதிலிருந்தே தொடங்கட்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

"எனக்கே படிக்கத் தெரியாதே அக்கா" என்று சிலர் சொல்வீர்கள். பரவாயில்லை. டி.வி.யை அணைத்துவிட்டு 15 நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அம்மா கேட்கிறாள் என்றால் பிள்ளை படிக்கும்.

திருத்தணி தமிழ்நாட்டோடு சேரப் போராடிய ம.பொ.சி. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். வாசித்து வாசித்தே வளர்ந்து, 1966-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். நம்ம பிள்ளைகளும் எட்டாவது வரை பள்ளிக்குப் போகிறார்கள். வாசிப்பு மட்டும் விட்டுப்போகக் கூடாது.

கடைசியாக மூன்று வேலை. இன்று ராத்திரியே பாடப் புத்தகம் அல்லாத ஒன்றைக் கொடுத்துப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள், படிக்காவிட்டால் திட்டாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி பாதிப் பேர் பெண்கள்; அடுத்த கூட்டத்தில் "பீரோ சாவி யாரிடம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். புத்தக நோட்டை எழுத ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் முன்வாருங்கள்.

கைநாட்டு வைத்த நாம் கையெழுத்துப் போடக் கற்றோம். நம்ம பிள்ளைகள் அதோடு நிற்கக் கூடாது.