பங்கிடத் தகுந்த எண்



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற் சீமையில் கணக்குக் கற்பித்தே தலை நரைத்தவன் நான். மழை குறைந்த அந்நிலத்தில் கிணறு ஒன்றாயினும் பங்காளிகள் பலராயிருப்பர். கமலை இறைத்த காலத்தில் நாழிகைக் கணக்கில் முறை வைத்துத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்வர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. பங்காளிகள் மூவராயினும், நால்வராயினும், ஐவராயினும், அறுவராயினும் நாழிகை பின்னமின்றிப் பிரியும். எழுவரானால்தான் வழக்கு!

60-ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்னும் பன்னிரண்டு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையால் விஞ்சும் எண்ணை ‘மிகுபகு எண்’ என்போம். இத்தகைய எண்களை ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டில் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் நெடிய கட்டுரை வரைந்தவர், ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது இவ்வாராய்ச்சிக்கே.

காரணிகளை ஒவ்வொன்றாய் எழுதாமலே எண்ணிவிடலாம். 60 என்பது 2×2×3×5. அதன் காரணி ஒன்றில் 2 வராதிருக்கலாம், ஒரு முறை வரலாம், இரு முறை வரலாம். ஆக மூன்று வழி. 3-க்கு இரண்டு வழி. 5-க்கும் இரண்டு வழி. 3×2×2=12.

இராமானுஜன் தந்த அட்டவணையின் இறுதி எண் 6746328388800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்டது! அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருகியுள்ளன. எனவே காரணிகள் 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10080.

இனி இதனை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 293318625600 வரும். 23 நீங்கியதால் காரணிகள் பாதியாகி 5040 ஆகும். இதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. ஆகவே இதுவும் மிகுபகு எண்ணே. ஆனால், இராமானுஜனின் அட்டவணையில் இவ்வோர் எண் விடுபட்டுப் போயிற்று! பின்வந்தோர் சரிபார்த்தபோதே இது தெரியவந்தது.

இதனால் அம்மேதையின் புகழ் எள்ளளவும் குறையவில்லை. கணிப்பொறி இல்லாத நாளில், கையாற் கணக்கிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட எண்களை வரிசைப்படுத்தியவர் அவர். எனினும் கணிதத்தில் பெரியவர் சொல்லுக்கும் சரிபார்ப்பு உண்டு. நாம் அவருக்குச் செய்யும் மரியாதையும் அதுவே.

இன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்து ஒன்று செய்யுங்கள். 60-க்கு அடுத்த மிகுபகு எண் எது? 72 என்று விரைந்து சொல்லிவிடாதீர்கள். அதற்கும் 12 காரணிகளே உண்டு.