பெர்பர் மொழிகள்: பிறப்பும் பிரிவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வட ஆப்பிரிக்கா என்றவுடன் அரபு மொழியே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் அரபு அந்நிலத்தில் பரவத் தொடங்கியது கி.பி. ஏழாம் நூற்றாண்டில்தான். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வழங்கிவரும் மொழிகளைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

அவற்றைப் பெர்பர் மொழிகள் என உலகம் அழைக்கின்றது. இஃது அம்மக்கள் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. புரியாத மொழி பேசிய அயலாரைக் கிரேக்கர் 'பார்பரோஸ்' என்றனர். அதன் வழி வந்ததே இப்பெயர் என்பர். அம்மக்களோ தம்மை 'அமாசிக்' என்றும், தம் மொழியைத் 'தமாசிக்த்' என்றும் கூறுவர். சொல்லின் முன்னும் பின்னும் தகர ஒலி சேர்த்துப் பெண்பாலாக்குவது இம்மொழிகளின் இயல்பு. மொழியின் பெயரும் அவ்வாறே அமைந்தது.

மொராக்கோவின் தசல்ஹீத், அல்ஜீரியாவின் கபீல், சகாராப் பாலையின் தூவாரெக், மோரித்தானியாவின் செனாகா, எகிப்தின் சீவி எனக் கிளைகள் பல. இடையே பெரும்பாலை கிடப்பினும், கபீல் மொழியிலும் தூவாரெக்கிலும் நீருக்கு 'அமான்' என்பதே பெயர். அண்டை ஊர்ப் பேச்சுகள் ஒன்றோடொன்று கலந்து நிற்றலின், இவற்றை எத்தனை மொழிகளாகப் பகுப்பது என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை.

இனி, இவற்றின் உறவு யாது? முன்னாளைய அறிஞர் இவற்றைக் 'காமிய மொழிகள்' என்று தனியே தொகுத்தனர். அத்தொகுப்புப் பொருந்தாது என இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜோசப் கிரீன்பெர்க் எடுத்துக்காட்டினார். பெர்பர், செமித்தியம், பண்டை எகிப்தியம், குஷித்தியம், சாதியம் ஆகிய அனைத்தும் ஆப்பிரிக்க ஆசியக் குடும்பத்தின் உடன்பிறப்புகள் என்பது அவர் முடிவு. ஓமோத்தியத்தை ஆறாவதாகச் சேர்ப்பாரும் உளர். இக்குடும்பத்தின் தாயகம் வடகிழக்கு ஆப்பிரிக்காவா, மேற்காசியாவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு சான்று காண்போம். விழா நாளில் இச்சொல்லைக் கூறுவதைப் பொறுத்தருள்க. 'அவன் இறந்தான்' என்பது கபீலில் 'யெம்முத்'. 'அவள் இறந்தாள்' என்பது 'தெம்முத்'. அரபில் 'அவன் இறக்கிறான்' என்பது 'யமூத்து'. 'அவள் இறக்கிறாள்' என்பது 'தமூத்து'. சொற்களைக் கடன் வாங்கலாம். ஆண்பால் பெண்பால் காட்டும் உறுப்புகளை எளிதில் கடன் வாங்க இயலாது. 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டபோதும் இலக்கண உறுப்புகளையே முதன்மையாக ஆராய்ந்தார்.

துனீசியாவின் தூக்காவில், கி.மு. 138-ஆம் ஆண்டளவில் மாசினிசா மன்னனின் நினைவாகப் பியூனிக் மொழியிலும் பழைய லிபிய மொழியிலும் பொறித்த கல்வெட்டுக் கிடைத்துள்ளது. அவ்வெழுத்தின் வழிவந்ததே தூவாரெக்கியர் காத்த 'திபினாக்'. ஆயினும் பிற்காலத்தில் இம்மொழிகள் பெரும்பாலும் ஏட்டிலும் பள்ளியிலும் இடம் பெறாது, வீட்டுப் பேச்சாகவே வாழ்ந்தன.

1980 மார்ச்சில், பழைய கபீல் பாடல்களைப் பற்றி முலூத் மம்மேரி தீசி உசூ நகரில் ஆற்றவிருந்த சொற்பொழிவு தடுக்கப்பட்டது. அதனால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 2011-இல் மொராக்கோவும் 2016-இல் அல்ஜீரியாவும் தமாசிக்தை ஆட்சிமொழியாக ஏற்றன.

அன்பர்களே, நாம் இங்கே தடையின்றிப் பேசுகின்றோம். வேற்றுமொழி வழங்கும் ஊரில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டிலேதான் கிடைக்கின்றது. அந்த வீட்டுப் பேச்சு எத்துணை வலிமை உடையது என்பதற்குப் பெர்பர் மக்களே சான்று. அதனைக் கைவிடாதிருப்போமாக.