கணினியையும் திணற வைக்கும் கணக்கு



மேற்படிப்புக்குச் சென்ற மகன் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறான். இரவு வெகுநேரம் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், “ஒரு மென்பொருளை ஏற்றப் பார்க்கிறேன் அம்மா, ஏற மறுக்கிறது” என்கிறான். விளையாடிக்கொண்டே சாக்குச் சொல்கிறானோ என்று தாய்க்கு ஐயம். அவன் சொல்வது மெய்யாகவே இருக்கலாம்.

மென்பொருளை இந்நாளில் எவரும் முதலிலிருந்து முடிவுவரை தாமே எழுதுவதில்லை. பேக்கேஜ் எனப்படும், பிறர் எழுதிவைத்த தொகுப்புகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அத்தொகுப்புகளுக்கு வேறு தொகுப்புகள் தேவை. ஒவ்வொன்றிலும் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று பல உண்டு. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

படம் வரையும் மென்பொருள் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நிறத் தொகுப்பும் எழுத்துத் தொகுப்பும் வேண்டும். இவ்விரண்டுக்கும் கணக்குத் தொகுப்பு வேண்டும். ஆனால் நிறத்துக்கு அதன் புதிய பதிப்புதான் ஆகும். எழுத்துக்கோ பழையதுதான் ஆகும். இரண்டையும் ஒருசேர வைக்கப் பல கணினி அமைப்புகள் இடம் தருவதில்லை. சரி, நிறத்தில் பழைய பதிப்பை எடுப்போம் என்றால், அது வேறொன்றோடு மோதுகிறது.

ஒவ்வொன்றுக்கும் இரண்டே பதிப்புகள் என்றாலும் 10 தொகுப்புகளுக்கு 1,024 சேர்க்கைகள் உண்டு. 20 என்றால் பத்து லட்சத்துக்கு மேல். 30 என்றால் நூறு கோடியைத் தாண்டும்! நடைமுறையில் தொகுப்புகள் நூற்றுக்கணக்கில் வருவதுண்டு.

ஒருவர் விடையைக் கொடுத்துவிட்டால் சரிபார்ப்பது எளிது. கண்டுபிடிப்பதுதான் பாடு. இத்தகைய கணக்குகளின் கடுமையை 1971இல் ஸ்டீஃபன் குக் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். மென்பொருள் ஏற்றுவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்று 2006இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் நிறுவினர். இவ்வினத்தில் ஏதேனும் ஒன்றுக்கு எப்போதும் விரைவாக விடை தரும் வழி கிடைத்தால், மற்றவற்றுக்கும் கிடைத்துவிடும். அப்படி வழி உண்டா, இல்லையா என்று மெய்ப்பிப்பவருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் தருவதாக 2000இல் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. அதை இன்னும் எவரும் பெறவில்லை.

ஆயினும் பெரும்பாலான நேரங்களில் கணினி நொடிகளில் முடித்துவிடுகிறது. ஓரிடத்தில் மோதல் கண்டால், அம்மோதல் அடங்கிய சேர்க்கைகள் அனைத்தையும் ஒரே வீச்சில் தள்ளிவிடும் தந்திரம் அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

அப்படியும் முடியாதபோது, கணினிக்குள்ளேயே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை ஒதுக்குவதுபோல் தொகுப்புகளைப் பிரித்து வைக்கலாம். படம் வரையும் மென்பொருளுக்கு ஓர் அறை, பள்ளிக் கணக்குக்கு வேறோர் அறை. ஓர் அறையின் பழைய பதிப்பு மற்றோர் அறையின் புதிய பதிப்போடு மோதாது. மகனிடம், “தனி அறை போட்டுப் பார்த்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள்.